உயர்நிலை இரண்டு தமிழ் வகுப்பில் சேட்டை: புது ஆசிரியர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியராகப் பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. கடந்த சில வருடங்களாகப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பும் சேர்ந்துகொண்டது. தேசியக் கல்விக் கழகத்தில் பாடம் நடத்தும் முறைகளை நன்றாகவே படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் இரண்டாம் வாரம் முடியும்போது, பள்ளி கேண்டீனில் தே ஓவை (பால் சேர்க்காத தேநீர்) கையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பது வேறு மாதிரி இருக்கும். "அக்கா, அந்தப் பிள்ளைங்களை நீங்க எப்படித்தான் சமாளிக்கிறீங்க?" அப்படிக் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் என் அனுபவத்திலிருந்து வருபவை. உங்கள் பள்ளியின் நடைமுறை எங்காவது வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

உயர்நிலை ஒன்றில் பூனைக்குட்டியாக இருந்த வகுப்பு, இரண்டில் ஏன் இப்படி மாறிவிடுகிறது?

உயர்நிலை ஒன்றுக்கு வரும்போது எல்லாம் புதிது. பள்ளி, சீருடை, ஏறவேண்டிய பேருந்து, நண்பர்கள். பயத்திலேயே பாதி ஒழுக்கம் வந்துவிடுகிறது. இரண்டாம் ஆண்டில் பள்ளியின் மூலைமுடுக்கெல்லாம் பழகிப்போயிருக்கும். எந்தப் படிக்கட்டில் ஆசிரியர் வரமாட்டார் என்பதுகூடத் தெரியும். பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு பழைய கதை. அடுத்த தேசியத் தேர்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. 2023 முதல் அரையாண்டுத் தேர்வும் எந்த நிலையிலும் இல்லை. அதை எடுத்தது நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் மே மாதத்தில் வகுப்புக்குத் தானாக வரும் அமைதியும் அதோடு சேர்ந்து போய்விட்டது.

பதினான்கு வயதில் ஆசிரியர் என்ன நினைக்கிறார் என்பதைவிடப் பக்கத்து மேசைக்காரன் என்ன நினைக்கிறான் என்பதுதான் பெரிது. இது ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் அவர்கள் செய்வதில் பாதி புரிந்துவிடும்.

மற்ற பாட ஆசிரியர்கள் எல்லாரும் "நல்ல பிள்ளை" என்கிறார்கள். தமிழ் வகுப்பில் மட்டும் ஏன் இந்த ஆட்டம்?

இதற்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்லப்போகிறேன். என்னைக் கேட்டால் மற்ற கேள்விகளில் பலவும் இதற்குள்ளேதான் இருக்கின்றன.

முதலில் நம் வகுப்பு எப்படி அமைகிறது என்று பாருங்கள். நாலைந்து வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் நடந்து வந்து நம் அறையில் சேர்கிறார்கள். தன் வகுப்பில் இருக்கும் ஒன்றிரண்டு தமிழ்ப் பிள்ளைகளில் ஒருவனாகக் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தவன், இங்கே வந்ததும் பதினைந்து பேரில் ஒருவனாகிவிடுகிறான். அவனுக்கு அது பாடவேளை இல்லை, திருவிழா. "டேய் மச்சான்" என்று தோளில் அடித்துக்கொண்டுதான் உள்ளே வருவான். அந்தச் சந்தோஷத்தை நான் குற்றமாகப் பார்ப்பதில்லை. இரண்டு நிமிடம் விட்டுக்கொடுத்தால் அது தானாக அடங்கும். விட்டுக்கொடுக்காவிட்டால் அதே சத்தத்தை ஐம்பது நிமிடத்துக்கும் பரப்பி வைத்துக் கேட்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, மொழி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்று சொன்ன இந்தியர்கள் 59.2 விழுக்காடு. தமிழ் என்று சொன்னவர்கள் 27.9 விழுக்காடு. இந்த எண்களை மேடையில் கவலையோடு சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். வகுப்பறையில் அவை வேறு உருவத்தில் வந்து நிற்கின்றன. அறிவியலில் கை தூக்கி விளக்கம் சொல்கிற பையன், தமிழ்ப் பாடநூலைத் திறந்தால் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். "அவர்களுக்கிடையேயான" போன்ற ஒரு சொல் வந்தால் நடுவழியில் நின்றுவிடுகிறான். பின்னால் நண்பர்கள் இருக்கிறார்கள். அவனுக்குப் பிடித்த பெண் மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். வாசிக்கத் தெரியாதவன் என்று பெயர் வாங்குவதா, அடங்காதவன் என்று பெயர் வாங்குவதா? பதினான்கு வயதில் யாரும் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பையனிடம். வரிசையாக ஆளுக்கொரு பத்தி வாசிக்கச் சொல்வது அப்போது என் வழக்கம். அவன் முறை வருவதற்கு இரண்டு பேர் முன்னால் ஏதாவது நடக்கும். பென்சில் பெட்டி கீழே விழும், பூனை கத்தும், கழிவறைக்கு அவசரமாகப் போகவேண்டும். "வெளியே போய் நில்" என்பேன். ஒரு தவணை முழுவதும் இப்படியே போனது. ஒருநாள் துணைப்பாட வகுப்புக்கு மற்றவர்கள் யாரும் வரவில்லை, அவன் மட்டும் வந்தான். பாடநூலைப் புரட்டியபோது பத்திகளின் ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்ன எண்கள். தன் முறைக்கு எந்தப் பத்தி வரும் என்று ஒவ்வொரு நாளும் எண்ணி வைத்திருக்கிறான். நான் அவனை வெளியே அனுப்பிய ஒவ்வொரு முறையும் அவன் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு வரிசை வாசிப்பை விட்டுவிட்டேன். வாசிக்க வேண்டியவர்களுக்கு முந்தைய நாளே நாலு வரி கொடுத்துவிடுவேன். கூச்சப்படுபவர்கள் வீட்டில் குரலைப் பதிவு செய்து எஸ்எல்எஸ் எனும் இணையக் கற்றல் தளத்தில் ஏற்றலாம், நான் தனியாகக் கேட்டுக்கொள்வேன். வகுப்பில் வாசிக்கும்போது ல, ள, ழ தப்பினாலும் நடுவில் திருத்துவதில்லை. முடித்த பிறகு, அதுவும் எல்லாருக்கும் பொதுவாக.

நீங்கள் செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டில், சத்தம் தொடங்கிய நேரத்தையும் அப்போது வகுப்பில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் மட்டும் குறியுங்கள். யார் செய்தது என்று முதலில் எழுதவேண்டாம். கட்டுரை எழுதச் சொன்னதும் தொடங்குகிறதா, வாய்மொழிப் பயிற்சியிலா, பாடம் மாற்றும் இடைவெளியிலா? எனக்குத் தெரிந்த பல புது ஆசிரியர்கள் இந்த நோட்டைப் பார்த்துத் தாங்களே பதிலைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

எல்லாச் சேட்டைக்கும் இதுவே காரணம் என்று சொல்லமாட்டேன். தமிழ்நாட்டிலிருந்து குடும்பத்தோடு வந்து இரண்டு மூன்று வருடமே ஆன பிள்ளை நேர் எதிராக இருக்கும். கொடுத்த பயிற்சியை ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதி நேரத்தில் காகிதத்தை உருட்டி எறியும். அதற்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை. கடினமான வேலை கொடுங்கள்.

வகுப்பு தொடங்குவதற்கே பத்து நிமிடம் போகிறது. என்ன செய்யலாம்?

வாசலில் நில்லுங்கள். நம் பிள்ளைகள் வெவ்வேறு திசையிலிருந்து வருவதால் ஒரே நேரத்தில் வந்து சேரமாட்டார்கள். முதலில் வந்தவர்கள் கடைசி ஆள் வரும்வரை சும்மா இருந்தால் அங்கேதான் கச்சேரி தொடங்குகிறது. வெண்பலகையில் தினமும் ஒரே இடத்தில் ஒரு சின்ன வேலை எழுதியிருக்கட்டும். ஒரு படத்துக்கு ஒரு வரித் தலைப்பு, ஒரு பழமொழியின் விட்டுப்போன பாதி, இப்படி. மதிப்பெண் கிடையாது. வந்தவுடன் உட்கார்ந்து செய்யவேண்டும், அவ்வளவுதான்.

பெயர் சொல்லி "வணக்கம்" சொல்லுங்கள். "சட்டையை உள்ளே விடு" என்று தொடங்கவேண்டாம். அது ஐந்து நிமிடம் கழித்தும் சொல்லக்கூடிய விஷயம்தான்.

கத்தினால்தான் அடங்குகிறார்கள். கத்தலாமா?

முதல் வருடம் நானும் கத்தினேன். மார்ச் விடுமுறைக்குள் தொண்டை போய்விட்டது, மருத்துவர் மூன்று நாள் பேசவே கூடாது என்றார். நான் விடுப்பில் இருந்த அந்த மூன்று நாளும் என் வகுப்பு ரொம்ப அமைதியாக இருந்ததாகப் பார்த்துக்கொண்ட ஆசிரியர் சொன்னார். அவர் மெதுவாகப் பேசுகிற மனிதர்.

ஒரு மாணவன் எல்லார் முன்னாலும் எதிர்த்துப் பேசுகிறான். அந்த நிமிடத்தில் என்ன செய்வது?

அந்த நிமிடத்தில் எவ்வளவு குறைவாகச் செய்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

அவன் உங்களிடம் பேசுவதுபோல் தெரியும். உண்மையில் அவன் பேசுவது பின்னால் இருப்பவர்களிடம். பார்வையாளர்கள் இருக்கும்வரை அவனால் இறங்கிவர முடியாது, உங்களாலும் முடியாது. இரண்டு பேருக்கும் மானப்பிரச்சினை. ஆகவே முதல் வேலை பார்வையாளர்களைக் கலைப்பது. "எல்லாரும் பயிற்சி மூன்றைத் தொடங்குங்க" என்று வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு, ஒரு நிமிடம் கழித்து அவன் மேசைக்குப் போங்கள். எதிரே நிற்காமல் பக்கத்தில் நில்லுங்கள், குனிந்து மெதுவாகப் பேசுங்கள்.

ஒருமுறை ஒரு பையன், "தமிழ் படிச்சு என்ன டீச்சர் யூஸ்? எங்கப்பாவே வேஸ்ட்டுன்னு சொல்றாரு" என்று சத்தமாகச் சொன்னான். வகுப்பு "ஓ" என்றது. தமிழின் பெருமையைப் பற்றிப் பத்து நிமிடம் பேச எனக்கு நாக்கு துடித்தது. பேசியிருந்தால் அவன் ஜெயித்திருப்பான். "நல்ல கேள்விதான். ரிசெஸ்ல வா, பேசலாம். இப்ப இதை முடி" என்றேன். இடைவேளையில் அவன் வரவில்லை. நான் அவனைத் தேடிக் கேண்டீனுக்குப் போனேன். கூட்டாளிகள் இல்லாத இடத்தில் அவன் சொன்னது வேறு. தமிழ் மதிப்பெண் மொத்தத்தைக் கீழே இழுக்கிறது என்று வீட்டில் தினமும் சண்டையாம். பையனுடைய கோபத்துக்கு அன்று நான்தான் கண்ணில் பட்டேன், அவ்வளவுதான்.

இரண்டு விஷயம் வேண்டவே வேண்டாம். "மன்னிப்புக் கேட்டால்தான் பாடம் தொடரும்" என்று வகுப்பை நிறுத்தாதீர்கள். அவன் கேட்காவிட்டால் உங்களிடம் அடுத்த அடி கிடையாது. நிறைவேற்ற முடியாத மிரட்டலும் வேண்டாம். "உன்னை எக்ஸ்பெல் பண்ணிடுவேன்" என்று சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இல்லை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் அப்படியே விட்டுவிடவும் கூடாது. அன்றைக்குள் தனியாகப் பேசவேண்டும், சொன்ன தண்டனை எதுவாக இருந்தாலும் நடக்கவேண்டும். பள்ளி முடிந்து பதினைந்து நிமிடம் இருக்கச் சொன்னால், நீங்களும் அந்தப் பதினைந்து நிமிடம் அங்கே இருக்கவேண்டும். மறந்துவிட்டீர்கள் என்றால் அடுத்த வாரம் முழு வகுப்புக்கும் அது தெரிந்திருக்கும்.

யார் செய்தது என்று தெரியவில்லை. முழு வகுப்பையும் தண்டிக்கலாமா?

வேண்டாம். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று கூட்டமாக ரீங்காரம் இடுவார்கள், நீங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது எதிர்ப்பக்கம் கேட்கும். கேட்காததுபோல் பாடத்தை நடத்துங்கள். மூன்று நாளில் சலித்துவிடும். எல்லாரையும் நிற்கவைத்தால், சும்மா இருந்த எட்டுப் பேரையும் எதிர்க்கட்சிக்குத் தாரைவார்த்துக் கொடுத்தமாதிரி ஆகிவிடும்.

கைபேசி?

இந்தத் தலைவலி குறைந்திருக்கிறது. 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசி, திறன்கடிகாரம் இரண்டையும் பயன்படுத்தக் கூடாது. இடைவேளை, இணைப்பாட நடவடிக்கை, துணைப்பாட வகுப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். முன்பெல்லாம் ஒவ்வொரு ஆசிரியரும் தனித்தனியாகப் போராட வேண்டியிருந்தது. "மேத்ஸ் டீச்சர் விடுறாங்க, நீங்க மட்டும் ஏன்?" என்ற வாதம் இப்போது எடுபடாது.

மிச்சம் இருப்பது மடிக்கணினியும் தட்டைக்கணினியும். எல்லா உயர்நிலை மாணவர்களிடமும் சொந்தக் கற்றல் சாதனம் இருக்கிறது. அதில் விளையாட்டு வராமல் தடுக்கும் மென்பொருளும் இருக்கிறது. பிள்ளைகள் அதைவிட ஒரு படி முன்னால் இருப்பார்கள். நான் செய்வது பழைய காலத்து உத்திதான். சாதனம் தேவையில்லாத நேரத்தில் "மூடி பாதி" என்பேன், திரை பாதி மடங்கியிருக்கவேண்டும். அப்புறம் வகுப்பின் முன்னால் நிற்காமல் பின்னால் நின்று பாடம் நடத்துவேன். பின்னாலிருந்து எல்லாத் திரையும் தெரியும்.

பெற்றோரே "நாலு போடுங்க டீச்சர்" என்கிறார்கள். அடிக்கலாமா?

கூடாது. சந்தேகத்துக்கே இடமில்லை. கல்விச் சட்டத்தின்கீழ் உள்ள பள்ளி விதிமுறைகளின்படி, பிரம்படி ஆண் பிள்ளைகளுக்கு மட்டும்தான். மெல்லிய பிரம்பால், உள்ளங்கையிலோ ஆடைக்கு மேல் பின்புறத்திலோ கொடுக்கலாம். கொடுக்க வேண்டியவர் பள்ளி முதல்வர் அல்லது அவர் வெளிப்படையாக அதிகாரம் கொடுத்தவர். பெண் பிள்ளைகளுக்கு உடல் தண்டனை அறவே கிடையாது. வகுப்பாசிரியரோ பாட ஆசிரியரோ காதைத் திருகுவதற்கும் அளவுகோலால் தட்டுவதற்கும் இதில் இடமில்லை.

"கண்ணை மட்டும் விட்டுட்டு உரிச்சிடுங்க" என்று ஒரு தாத்தா என்னிடம் சொன்னார். அவர் படித்த காலத்தில் அது ஆசிரியருக்குக் காட்டும் மரியாதை. "அடியாத மாடு படியாது" என்றும் சேர்த்துக்கொண்டார். மாட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. அடித்து வழிக்கு வந்த பதினான்கு வயதுப் பையனை நான் பார்த்ததில்லை, அடுத்தமுறை மாட்டிக்கொள்ளாமல் செய்யக் கற்றுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெற்றோரை எப்போது கூப்பிடுவது? என்ன சொல்வது?

முதல் அழைப்பு நல்ல செய்தியாக இருக்கட்டும். இதை ஒவ்வொரு புது ஆசிரியரிடமும் சொல்கிறேன், பாதிப் பேர்தான் செய்கிறார்கள். தொல்லை தருவான் என்று நினைக்கும் நாலைந்து பேரின் வீட்டுக்கு ஜனவரி மாதமே அழைத்து, உண்மையாகப் பார்த்த ஒரு நல்லதைச் சொல்லுங்கள். "நேத்து ஒரு புதுப் பிள்ளைக்கு வகுப்பறையைக் காட்டி உதவினான்மா." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே வராது. "வேற என்ன டீச்சர் செஞ்சான்?" என்று பயந்து கேட்பார்கள். பள்ளி எண்ணிலிருந்து வரும் அழைப்பு என்றாலே அவர்களுக்கு வயிறு கலங்கிப் பழக்கம்.

ஏப்ரலில் உண்மையாகவே குறை சொல்ல வேண்டி வரும்போது, அதே அம்மா உங்கள் பக்கம் நிற்பார்.

குறை சொல்லும்போது பையனின் குணத்தைச் சொல்லாதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள். "உங்க பையன் ரொம்ப மோசம்" என்றால் பெற்றவர் என்ன செய்வார்? "செவ்வாய்க்கிழமை மூணு தடவை பேசச்சொல்லாம பேசினான், பக்கத்துப் பிள்ளையோட கோப்பைக் கிழிச்சான்" என்றால் பேசுவதற்கு ஏதோ இருக்கிறது. அதன்பின் கேளுங்கள்: "வீட்டுல எப்படி இருக்கான்?" ஒரு அப்பா, துவாஸில் இரவு வேலை பார்ப்பவர், தன் மகனை விழித்த நிலையில் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமைதான் என்றார். அதற்குமேல் நான் என்ன புகார் சொல்ல? சனிக்கிழமை வகுப்புக்காகச் சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் துணைப்பாடத் திட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பிறகு அவர் வீட்டில் இருக்கும் நேரம் எது என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

உங்கள் சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. கல்வி அமைச்சு 2024 செப்டம்பரில் வெளியிட்ட பள்ளி–வீடு பங்காளித்துவ வழிகாட்டிக் குறிப்புகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. பள்ளி நேரத்துக்குப் பிறகு வரும் செய்திகளுக்கு உடனே பதில் சொல்லவும் வேண்டியதில்லை. நம்மவர்களிடம் இதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பிய அம்மாவிடம் எண் தரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பள்ளி மின்னஞ்சலைக் கொடுத்து, "இதுல அனுப்புங்கம்மா, கண்டிப்பா பார்ப்பேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி பாருங்கள்.

வகுப்பில் தமிழ் பேசவே மாட்டேன் என்கிறார்கள். கெட்ட வார்த்தை மட்டும் சுத்தத் தமிழில் வருகிறது!

உச்சரிப்பும் பிழையில்லாமல் இருக்கும், கவனித்தீர்களா? அந்த ஒன்றை மட்டும் வெட்கமில்லாமல், கூட்டாளிகளோடு, தினமும் பழகியிருக்கிறார்கள். மொழி கற்பிக்கும் நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

கெட்ட வார்த்தைக்கு நான் அதிர்ச்சி காட்டுவதில்லை. முகம் சிவந்தால் அவர்களுக்கு அதுவே பரிசு. "அந்தச் சொல் இங்க வேண்டாம்" என்று ஒரு வரி, அப்புறம் பாடம். இரண்டாம் முறை வந்தால் பள்ளி முடிந்து என்னைப் பார்க்கவேண்டும். ஒருவரை நோக்கி, புண்படுத்துவதற்காகச் சொன்னால் முதல்முறையே நடவடிக்கைதான்.

நிறம், ஊர் வைத்துக் கேலி செய்கிறார்கள். "சும்மா விளையாட்டுக்கு" என்கிறார்கள். பெரிதுபடுத்தலாமா?

பெரிதுபடுத்துங்கள். தமிழ் வகுப்பில் இது ஒரு தனி வகை. எல்லாரும் நம் ஆட்கள் என்பதால் எதையும் சொல்லலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கறுப்பு நிறத்தை வைத்துப் பட்டப்பெயர். இங்கே பிறந்தவர்களுக்கும் அங்கிருந்து வந்தவர்களுக்கும் இடையே ஒரு கோடு. இந்தப் பக்கம் "ஊர்க்காரன்" என்று அவன் பேசும் ஆங்கிலத்தை நடித்துக்காட்டுவார்கள். அந்தப் பக்கம் "உனக்கெல்லாம் தமிழே வராது" என்று சிரிப்பார்கள். இரண்டு பக்கமும் வலிக்கும் இடத்தைச் சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

சில வருடம் முன்பு ஒரு மாணவன் இன்னொருவனின் பேச்சை அப்படியே நடித்துக்காட்டினான். அச்சு அசலாக இருந்தது, நானும் சிரித்துவிட்டேன். கேலிக்கு ஆளானவனும் சிரித்தான். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அவன் கை தூக்குவதை நிறுத்திவிட்டான். ஒரு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல டீச்சர்" என்றான். அந்த வருடம் முழுவதும் அவன் கை உயரவேயில்லை.

"பரவாயில்லை" என்று சொல்பவனை நம்பாதீர்கள். அந்த இடத்திலேயே ஒரு வரியில் நிறுத்துங்கள், பிறகு இருவரையும் தனித்தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். சேர்த்துவைத்துக் கேட்டால் பாதிக்கப்பட்டவன் வாய் திறக்கமாட்டான். திரும்பத் திரும்ப நடந்தால் எழுத்தில் பதிவுசெய்து ஒழுங்கு ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். அதற்குப் பெயர் பகடிவதை, விளையாட்டு இல்லை.

ஒரு மாணவனிடம் மின்சிகரெட் இருப்பதாகச் சந்தேகம். பையைத் திறந்து பார்க்கலாமா?

நீங்களாகப் பார்க்கவேண்டாம். உடனே ஒழுங்கு ஆசிரியரிடம் சொல்லுங்கள், பையனைத் தனியாக விடாதீர்கள். சிங்கப்பூரில் மின்சிகரெட் வைத்திருப்பதே குற்றம். கேபாட் எனப்படும் மின்சிகரெட் குப்பிகளில் கலக்கப்படும் எட்டோமிடேட் என்ற மயக்கமருந்து 2025 செப்டம்பர் 1 அன்று போதைப்பொருள் சட்டத்தின்கீழ் 'சி' பிரிவில் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டது. பையன் தள்ளாடுகிறான், பேச்சு குழறுகிறது என்றால் அது ஒழுங்குப் பிரச்சினைக்கு முன்னால் மருத்துவப் பிரச்சினை. "வீட்டுக்குத் தெரியவேண்டாம் டீச்சர்" என்று கெஞ்சுவான். அந்த வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள்.

ஒழுங்கு ஆசிரியரிடம் அனுப்புவதா, பள்ளி ஆலோசகரிடம் அனுப்புவதா?

பிறருக்கு ஆபத்து, திருட்டு, அடிதடி, மிரட்டல் என்றால் ஒழுங்கு ஆசிரியர். மற்றதற்கெல்லாம் அவரிடம் ஓடினால், "இந்த டீச்சரால முடியாது" என்று வகுப்பு முடிவுகட்டிவிடும். அப்படி எதுவும் இல்லாமல் மாற்றம் திடீரென்று வந்தால் ஆலோசகர். போன மாதம்வரை சிரித்துக்கொண்டிருந்த பெண் இப்போது மேசையில் தலைவைத்துப் படுத்திருக்கிறாள், கேட்டால் எரிந்துவிழுகிறாள். இதைச் சேட்டைக் கணக்கில் எழுதாதீர்கள். தன்னைத் துன்புறுத்திக்கொள்வதாகச் சொன்னாலோ, காயத்தைப் பார்த்தாலோ அன்றே, அந்த மணிநேரமே சொல்லுங்கள்.

மூன்றாவது கதவு ஒன்றும் இருக்கிறது, பலர் மறந்துவிடுகிறார்கள். எவ்வளவு சொல்லியும் உட்காரமுடியாத, கவனம் நிற்காத, எல்லா மொழியிலும் வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு கவனக்குறைபாடோ வாசிப்புக் குறைபாடோ இருக்கலாம். நாம் அதைக் கண்டுபிடித்துப் பெயர் வைக்கும் ஆள் இல்லை. பள்ளியின் சிறப்புத் தேவை அதிகாரியிடம் நாம் கண்டதைச் சொல்லலாம். அந்தச் சின்ன நோட்டு இங்கே மறுபடியும் கைகொடுக்கும்.

ஜி1, ஜி2, ஜி3 பிள்ளைகள் கலந்து இருக்கும்போது கட்டுப்பாடு கடினமாகாதா?

2024-ல் உயர்நிலை ஒன்றுக்கு வந்தவர்கள் முதல், தேர்ச்சியை வைத்துப் பிரித்த எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவுகள் இல்லை. வகுப்பில் எல்லாரும் கலந்திருக்கிறார்கள், பாடத்தை மட்டும் ஜி1, ஜி2, ஜி3 என்று அவரவருக்கு ஏற்ற நிலையில் படிக்கிறார்கள். சிறு பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகள் குறைவு என்பதால் இரண்டு நிலைகளை ஒரே அறையில் வைத்து நடத்த வேண்டி வரலாம். தயாரிப்பு இரட்டிப்பாகும், மறுக்கவில்லை. ஆனால் "நாங்க நார்மல், நாங்க அப்படித்தான்" என்று ஒரு முழு வகுப்பே மார்தட்டிக்கொண்டதை நான் பல வருடம் கேட்டிருக்கிறேன். இப்போது அதைக் கேட்பதில்லை. எனக்கு இந்த வேலைப்பளு பரவாயில்லை.

வீட்டுக்குப் போய் அழுகிறேன். இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோ?

முதல் வருடத்தில் நான் பள்ளிக் கழிவறையில் அழுதேன், வீடுவரை போகப் பொறுமை இல்லை. என்னைவிட நல்ல ஆசிரியர்களும் அழுதிருக்கிறார்கள்.

இரண்டு காரியம் சொல்கிறேன். உங்கள் வகுப்பு நன்றாக நடந்துகொள்ளும் வேறொரு ஆசிரியரின் பாடத்தில், பின்னால் போய் ஒரு பாடவேளை உட்காருங்கள். அதே பிள்ளைகள்தான். அவர் செய்வதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள், எல்லாவற்றையும் அல்ல. இரண்டாவது, யாரிடமாவது சொல்லுங்கள். துறைத்தலைவரிடம் சொல்வது பலவீனம் என்று நினைத்து அக்டோபர்வரை அடக்கிவைத்தவர்கள் வேலையை விட்டே போயிருக்கிறார்கள். தூக்கம் கெடுகிறது, காலையில் பள்ளி வாசலைப் பார்த்தாலே மூச்சு முட்டுகிறது என்றால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது. எந்நேரமும் அழைக்கலாம். பெரியவர்களும் அழைக்கலாம்.

கடைசியாக ஒன்று. உடற்கல்வி முடிந்து வியர்வையோடு நேராக வருகிறார்கள், விசிறிக்கு அடியில் யார் உட்காருவது என்றே சண்டை. என்ன செய்ய?

விசிறிக்கு அடியில் உள்ள நாலு இடத்துக்கும் வாரம் ஒரு குழு என்று அட்டவணை போட்டு ஒட்டிவிடுங்கள். தண்ணீர் குடிக்க மூன்று நிமிடம் கொடுங்கள். அந்தப் பாடவேளையில் இலக்கணம் வைக்காதீர்கள்.